கடைசிப் பத்தி

நாங்கள் கட்டுரை அனுப்பவிருந்த இதழின் பின்னட்டை உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு பத்தி அச்சிட்டிருக்கும். கட்டுரை அனுப்புகிறவர்களுக்கான விதிகள். மூன்று பிரதிகள் வேண்டும். இரட்டை இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்திருக்க வேண்டும், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும். அட்டவணைகள் தனித்தனித் தாளில், படங்கள் தனியாக, படங்களுக்கான விளக்கம் இன்னொரு தாளில். டாட் மேட்ரிக்ஸ் அச்சு மங்கலாக இருந்தால் ஏற்பதற்கில்லை. 1992-இல் எங்கள் கல்லூரிக்கு அந்த இதழ் வருவதில்லை. ஹாலந்திலிருந்து வெளிவரும் இதழுக்குச் சந்தா கட்டினால் மற்ற எல்லாப் பத்திரிகைகளையும் நிறுத்த வேண்டியிருக்கும். ஒரு பல்கலைக்கழகத்துக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போன சார், என் ஆய்வு நெறியாளர், அங்கே நூலகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, பையில் மடிக்காமல் வைத்துக்கொண்டு வந்தார்.

“இதைப் படிச்சுட்டு அப்புறம் எழுத ஆரம்பி” என்றார்.

நான் செய்துகொண்டிருந்தது கொசுப் புழு ஆராய்ச்சி. கும்பகோணத்தில் வளர்ந்தவளுக்கு அது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவிலேயே வீங்கிய காலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாக்கள் இருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் சுகாதாரத் துறையினர் வீடு வீடாக வந்து கதவைத் தட்டி, தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் பக்கத்து ரத்தக் குழாய்களில் கிடந்துவிட்டு, இரவில், கொசு கடிக்கிற நேரத்தில்தான் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்துக்கு வரும் என்பது விலங்கியல் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை சர்க்கார் ஆட்களுக்குப் பகலில் நேரமில்லை என்றே நினைத்திருந்தேன்.

நோயைப் பரப்புவது க்யூலெக்ஸ் குவின்குவிஃபேசியேட்டஸ் என்ற கொசு. சாக்கடையில் முட்டையிடும். அதன் புழுவைத் தின்னும் ஒரு தண்ணீர்ப் பூச்சியைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அனிசாப்ஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. நெல் வயலிலும் குளத்திலும் மல்லாந்தபடியே நீந்தும். பின்னங்கால் இரண்டும் துடுப்பு. புழுவைப் பிடித்துக் குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சிவிட்டுத் தோலை விட்டுவிடும். பீக்கரில் பத்துப் புழுக்களைப் போட்டால் எத்தனை தின்னும், இருபது போட்டால் எத்தனை, எண்பது போட்டால் எத்தனை என்று இருபத்து நான்கு மணி நேரம் கழித்து வெறுந்தோல்களை எண்ணுவது என் வேலை.

இந்த மாதிரிச் சோதனைக்கெல்லாம் மூலம், கனடாவில் ஹாலிங் என்ற சூழலியலாளர் 1959-இல் வெளியிட்ட கட்டுரை. அவர் அதற்குப் பூச்சியைக்கூடத் தேடிப் போகவில்லை. ஒரு மேஜைமேல் உப்புத்தாளில் வெட்டிய வட்டுகளைக் குத்தி வைத்து, உதவியாளரின் கண்ணைக் கட்டி, விரலால் தட்டித் தட்டித் தேடி எடுக்கச் சொன்னார். வட்டுகள் கூடக்கூட எடுப்பதும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் கூடாது, ஏனென்றால் கிடைத்த ஒவ்வொன்றையும் பிடுங்கி ஒதுக்கி வைக்க நேரம் வேண்டும். அதிலிருந்து பிறந்த சமன்பாட்டுக்கு இன்றும் வட்டுச் சமன்பாடு என்றே பெயர். என் பூச்சியும் அந்த உதவியாளரைப் போலத்தான் நடந்துகொண்டது. புழுவைக் கொட்டக் கொட்டத் தின்றது, பிறகு வளைகோடு படுத்துவிட்டது.

ஆக, ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்றுதான் நான் நம்பினேன். எழுதுவது என்பது முடிந்ததைச் சொல்வதுதானே.

சார் சொன்ன வரிசையே எனக்குத் தலைகீழாகப் பட்டது. முதலில் அட்டவணைகள். பிறகு படங்கள். அவை கையில் வந்த பிறகு சோதனை முறை. அப்புறம் முடிவுகள், விவாதம். முன்னுரை கடைசியில். “என்ன சொல்லப் போறோம்னு தெரியறதுக்கு முன்னாடி எதுக்கும்மா முன்னுரை?” என்பார். நான் அதற்குள் முன்னுரையை எழுதி முடித்திருந்தேன். 1877-இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் கொசுவின் வயிற்றில் யானைக்கால் புழுவைக் கண்டதிலிருந்து ஆரம்பித்து நாலரைப் பக்கம். எனக்கு அதில் பெருமை அதிகம். சார் படித்தார், ரசித்தார்கூட. பிறகு, “இந்த இதழைப் படிக்கறவன் மேன்சனைத் தெரியாதவனா?” என்று கேட்டுவிட்டு, நாலாம் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே இருந்ததெல்லாம் போயிற்று. மிஞ்சியது ஒன்றரைப் பத்தி. அதில் அனிசாப்ஸைப் பற்றி முன்பு யார் என்ன செய்திருக்கிறார்கள், என்ன செய்யவில்லை, நாங்கள் எதைச் செய்கிறோம் என்பது மட்டும் இருந்தது. அந்த மூன்றரைப் பக்கத்தையும் நான் தூக்கிப் போடவில்லை. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் மேன்சன் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார். ஆய்வேட்டுக்குப் பக்க வரம்பு ஏது?

சோதனை முறை என்ற பகுதியை ஒரு மதியத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தேன். வாரக்கணக்கில் இழுத்தது அதுதான். ‘அறை வெப்பநிலை 28 ± 2 டிகிரி செல்சியஸ்’ என்று எழுதியிருந்தேன். தமிழ்நாட்டு விலங்கியல் ஆய்வேடு எதைத் திறந்தாலும் இந்த எண்ணைப் பார்க்கலாம். ஊட்டியைத் தவிர மாநிலம் முழுவதற்கும் ஒரே வெப்பநிலை. சார் அதன் மேல் பென்சிலால் வட்டம் போட்டார். “தெர்மாமீட்டரைப் பாத்து எழுதினியா, போன பேட்ச் தீசிஸைப் பாத்து எழுதினியா?”

நோட்டில் தினமும் குறித்த வெப்பநிலை இருந்தது. எடுத்துப் பார்த்தோம். மார்கழிக் காலையில் 24, சித்திரை மதியத்தில் 33. குளிர் ரத்தப் பிராணிக்கு ஒன்பது டிகிரி என்பது சின்ன விஷயமில்லை. சூட்டில் அது வேகமாகத் தின்னும், வேகமாகச் செரிக்கும். எல்லா மாதத்து எண்களையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி போட்டிருந்த அட்டவணையைப் பிரித்து, குளிர் மாதத் தொகுதி, கோடைத் தொகுதி என்று இரண்டாக்கினோம். பிரித்ததும் ஒன்று தெரிந்தது. கோடையில் வளைகோடு இன்னும் மேலே போய்த்தான் படுத்தது. கட்டுரையிலேயே பிறர் பின்னாளில் அதிகம் எடுத்துச் சொன்ன சேதி அதுதான். பீக்கர் முன்னால் உட்கார்ந்திருந்த மாதங்களில் அது கண்ணில் படவே இல்லை. ஒரு வரியை ஒழுங்காக எழுதப் போய் அகப்பட்டது.

இப்படியே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நோட்டு வெளியே வந்தது. தண்ணீர் எங்கிருந்து? குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக எவ்வளவு நேரம் திறந்து வைத்தாய்? புழு எந்தப் பருவம்? நாலாம் பருவப் புழு சோதனைக்கு நடுவில் கூட்டுப்புழுவாக மாறிவிட்டால் அதைத் தின்னாத கணக்கில் சேர்த்தாயா? பூச்சி இல்லாத பீக்கரிலும் புழு சாகுமே, அதைக் கழித்தாயா? நான் மூன்றாம் பருவப் புழுவையே எடுத்திருந்தேன், பூச்சி இல்லாத பீக்கரும் வைத்திருந்தேன். ஆனால் அதையெல்லாம் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. செய்தவளுக்குத் தெரியும், போதாதா? “மெக்ஸிகோவுல ஒருத்தன் இதைப் படிச்சுட்டு இதே மாதிரி பீக்கர் வைக்கணும். உன்கிட்ட வந்து கேக்க மாட்டான்” என்றார் சார்.

திருத்தித் திருத்தி அலுத்துப்போய் ஒருநாள் நான் முகம் சுளித்தபோது ராமானுஜனை இழுத்தார். என் ஊர்க்காரர் என்பதால் அது என்னிடம் எடுபடும் என்று அவருக்குத் தெரியும். 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது, பெர்னூலி எண்களைப் பற்றி. ஆசிரியராக இருந்தவர் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் எம்.டி. நாராயண ஐயங்கார். கையெழுத்துப் பிரதி அப்படியே அச்சுக்குப் போகவில்லை. சாதாரண வாசகன் பின்தொடர முடியாத அளவுக்குச் சுருக்கமாக, படிகளை விட்டுவிட்டுத் தாண்டித் தாண்டி எழுதியிருந்தார் ராமானுஜன். ஐயங்கார் திருப்பி அனுப்ப, இவர் திருத்தி அனுப்ப, மறுபடி அவர் அனுப்ப என்று அது போய்ப் போய் வந்தது. அந்த ஆசிரியரைப் பற்றி நம்மூரில் யாரும் மேடையில் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது என் கட்சி.

மேற்கோள் பட்டியல் தனி உலகம். கட்டுரைகள் கையில் கிடைத்தால்தானே மேற்கோள் காட்ட முடியும்? ‘கரண்ட் கன்டென்ட்ஸ்’ என்று ஒரு வாரப் பத்திரிகை அப்போது வந்துகொண்டிருந்தது. உலகத்து இதழ்களின் பொருளடக்கப் பக்கங்களை மட்டும் அப்படியே அச்சிட்டு, கடைசியில் எழுதியவர்களின் முகவரியும் கொடுப்பார்கள். அதைப் பார்த்து முகவரி குறித்துக்கொண்டு, அச்சடித்த அட்டையில் கட்டுரைத் தலைப்பை நிரப்பித் தபாலில் போட வேண்டும். ஒரு பிரதி அனுப்பி உதவவும். ஒன்றரை மாதம், இரண்டு மாதம் கழித்துப் பழுப்பு உறையில் வரும். சிலர் ஓரத்தில் கையால் வாழ்த்து எழுதியிருப்பார்கள். ஸ்டாம்பு மட்டும் எனக்குக் கிடையாது. உறை என் மேஜைக்கு வருவதற்குள் அட்டெண்டர் தன் மகனுக்காகக் கத்தரித்து எடுத்திருப்பார். எழுதியும் வராத கட்டுரைகளை டெல்லியில் இருந்த இன்ஸ்டாக் ஆவண மையத்துக்குப் பணம் கட்டி நகல் வாங்கினோம். அங்கேயும் கிடைக்காததைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். கண்ணால் பார்க்காத கட்டுரையை மேற்கோள் காட்டக் கூடாது என்பதில் சார் பிடிவாதம். இன்னொருவர் கட்டுரையின் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவது எல்லோரும் செய்வதுதான், யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். பதில் வரவில்லை, பேனாவை மூடினார். அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம்.

பட்டியலில் இன்னொரு சிக்கல், என் கொசுவின் பெயர். பழைய இந்தியக் கட்டுரைகளில் எல்லாம் அது க்யூலெக்ஸ் ஃபாட்டிகன்ஸ். வீடமன் 1828-இல் வைத்த பெயர். ஆனால் அமெரிக்காவில் சே என்பவர் 1823-லேயே குவின்குவிஃபேசியேட்டஸ் என்று பெயரிட்டிருந்தார். விலங்கியல் பெயர்களில் முந்தியதற்கே உரிமை என்பதால் ஃபாட்டிகன்ஸ் வழக்கொழிந்தது. கட்டுரைக்குள் புதிய பெயர், பட்டியலில் பழைய கட்டுரைத் தலைப்புகளில் இருக்கும் பழைய பெயரை மாற்றக் கூடாது. இது புரியாமல் பார்க்கிறவனுக்கு நாங்கள் இரண்டு கொசுவை வைத்துக் குழப்புகிறோம் என்று தோன்றும். முதல் இடத்தில் ஒரே ஒரு வரி போட்டுச் சரி செய்தோம்.

படங்களை நானே வரைந்தேன். பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த சித்தப்பா ராட்ரிங் பேனா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ட்ரேசிங் தாளில் இந்தியன் இங்க்கால் வரைய வேண்டும். பேனாவைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும், முனை அடைத்துக்கொண்டால் மெல்லக் குலுக்க வேண்டும். தப்பாகப் போன கோட்டை மை காய்ந்த பிறகு பிளேடால் சுரண்ட வேண்டும், தாள் கிழியாமல். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். வேர்க்கிற கையை என்ன செய்வது? ட்ரேசிங் தாளில் ஈரம் பட்டால் அந்த இடம் சுருங்கி மேலெழும்பும். ஃபேன் போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் கை வேர்க்கும். உள்ளங்கைக்கு அடியில் கைக்குட்டையை விரித்து, விடியற்காலையில் எழுந்து வரைந்தேன். அச்சில் படத்தைப் பாதியாகக் குறைப்பார்கள் என்பதால் எழுத்துகளைப் பெரிதாகவும் கோடுகளைத் தடிமனாகவும் போட வேண்டும். குறைத்த பிறகு எப்படி இருக்கும் என்று பார்க்க, சுருக்கித் தரும் ஜெராக்ஸ் மெஷின் தஞ்சாவூரில் எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போனோம். குளிர் மாதத்துக்கு நிரப்பிய வட்டம், கோடைக்கு வெறும் வட்டம். ஜெராக்ஸில் வெறும் வட்டங்கள் எல்லாம் மை அடைத்து நிரம்பிவிட்டன. வெறும் வட்டத்தை முக்கோணமாக்கி முழுப் படத்தையும் மறுபடி வரைந்தேன்.

இதற்கு நடுவில் பெயர்ப் பிரச்சினை. தை மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. “பத்திரிகையில எப்படி வேணா போட்டுக்கோ. கட்டுரையில எந்த இனிஷியல்?” என்று சார் கேட்டார். அப்பா இனிஷியல்தான் என்றேன். அதோடு முடியவில்லை. குடும்பப் பெயரை முழுதாகத் தர வேண்டும் என்றது விதி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரையே கடைசியில் போட்டோம். அன்று முதல் உலகத்து மேற்கோள் பட்டியல்களில் கொசு ஆராய்ச்சி செய்பவர் என் அப்பாதான். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். அடித்ததைத் தவிர கொசுவோடு அவருக்கு வேறு சம்பந்தம் கிடையாது.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பூனை துணை உண்டு. 1975-இல் அமெரிக்காவில் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் தனியாக ஒரு கட்டுரை எழுதி, வழக்கப்படி ‘நாங்கள்’ என்றே தட்டச்சு செய்து முடித்துவிட்டார். ஆசிரியர் ஒருவர்தான் என்றால் ‘நாங்கள்’ போடுவதை அவர் அனுப்பவிருந்த இதழ் ஏற்காது என்று சகா ஒருவர் எச்சரித்தார். கட்டுரையைக் கணினியில் அடிக்காத காலம். முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். அதற்குப் பதிலாகத் தன் வளர்ப்புப் பூனை செஸ்டரை இரண்டாவது ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். எஃப்.டி.சி. வில்லார்ட் என்று பெயர். முதல் இரண்டு எழுத்து பூனையின் லத்தீன் பெயர், மூன்றாவது செஸ்டர். வில்லார்ட் என்பது செஸ்டரின் தகப்பன் பூனை. கட்டுரை வெளியாகிவிட்டது. தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுக்கொண்டு ஆய்வுலகத்துக்குள் நுழைந்த ஜீவன்களில் நானும் அதுவும் ஒரு ஜாதி.

எங்கள் கட்டுரையில் பெயர் இரண்டுதான், என்னுடையதும் சாருடையதும். இன்னொரு பெயரைச் சேர்க்கும்படி மேலிருந்து ஒரு சொல் வந்தது. சார் அந்தப் பெயரை நன்றி தெரிவிக்கும் பகுதியில் சேர்த்தார். அதன் பிறகு கொஞ்ச காலம் பீக்கர் வாங்குகிற ஃபைல்கூட மெதுவாகத்தான் நகர்ந்தது.

தட்டச்சுக்குக் கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை. பத்திரமும் வக்கீல் நோட்டீஸும் அடிப்பவர். ஹால்டா மெஷின். பிழையே வராது, ஆனால் அடிப்பது என்ன என்று கவனிக்கவும் மாட்டார். என் கட்டுரைதான் அவரைப் பேச வைத்தது. “ஏம்மா, கொசு பேருக்கெல்லாம் எதுக்கு அடியில கோடு?” அச்சில் சாய்வெழுத்தாக வருவதற்கு அடையாளம் அது என்றேன். கோடு போடுகிற ஒவ்வொரு முறையும் மெஷினைப் பின்னால் தள்ளி மறுபடி ஓட்ட வேண்டும் என்பதால் பக்கத்துக்குக் கூலி கூட்டிக் கேட்டார். நியாயம்தான். டிகிரி குறிக்கு உருளையை அரைச் சுற்று ஏற்றிச் சின்ன ‘ஓ’ அடிப்பார். கூட்டல் கழித்தல் குறிக்கு, கூட்டலை அடித்து அதே இடத்தில் கீழ்க்கோடு. கிரேக்க எழுத்து வரும் இடத்தில் இடம் விட்டுவிடுவார், நான் பேனாவால் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்று தாளுக்கு நடுவே இரண்டு கோரஸ் கார்பன். ஒரு எழுத்துத் திருத்தம் என்றால் மூன்று பிரதியிலும் எரேசெக்ஸ் தடவி, ஊதிக் காய வைத்து, ஒவ்வொன்றாக மெஷினில் சொருகி, எழுத்தின் மேல் எழுத்து விழும்படி ஒட்டி அடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு வாக்கியத்தை மாற்றுவதற்கு விலை இருந்தது. அதனால் முன்பே யோசித்து எழுதினோம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாற்ற வேண்டியதை மாற்றாமல் விட்டவர்களும் அந்த விலைக்குப் பயந்துதான் விட்டார்கள். பூனைக் கதை அதற்குச் சாட்சி.

முழுவதும் அடித்து முடித்து, சார் கடைசியாக ஒருமுறை படிக்க வாங்கிப் போனார். மறுநாள் காலை வகுப்புக்கு முன்னால் கூப்பிட்டார்.

விவாதத்தின் கடைசிப் பத்தி மேஜைமேல் இருந்தது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவைக் கட்டுப்படுத்த இந்தப் பூச்சியைப் பயன்படுத்தலாம் என்ற பொருளில் நான் எழுதியிருந்த பத்தி. பூச்சிக்கொல்லிக்கு மாற்று, செலவு குறைவு, சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை. இந்த மாதிரிக் கட்டுரைகளெல்லாம் அப்படித்தான் முடியும். சாரே எழுதிய பழைய கட்டுரை ஒன்றும் ஏறக்குறைய அப்படி முடிந்திருந்தது.

“ஏம்மா, உன் கொசு எங்க முட்டை போடுது?”

“சாக்கடையில சார்.”

“உன் பூச்சி?”

“குளத்துல. வயல்ல.”

“ரெண்டும் எங்கம்மா சந்திக்கும்?”

ஆய்வகத்தில் என் பீக்கரில் சந்தித்தன. வேறெங்கும் சந்தித்து நான் பார்த்ததில்லை. புழுவுக்காகச் சாக்கடை ஓரம் கரண்டியோடு எத்தனையோ காலை நின்றிருக்கிறேன். அந்தக் கறுப்புத் தண்ணீரில் ஒரு அனிசாப்ஸ்கூட மல்லாந்து நீந்திக் கண்டதில்லை. தெளிந்த நீரில் வேறு கொசுக்கள் உண்டு. நெல் வயலில் மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் ட்ரைட்டினியோரிங்கஸ் உண்டு. ஆனால் நான் சோதித்தது அதை அல்ல. சாக்கடைக் கொசுவை எடுத்துக்கொண்டது, அதை வளர்ப்பது சுலபம், என் ஊரின் நோய் என்ற இரண்டு காரணத்தால்தான்.

அதை எடுத்துவிட்டால் கட்டுரை ஏன் எழுதினோம் என்று கேட்பார்களே என்றேன். யானைக்காலுக்காகத்தானே இதையெல்லாம் ஆரம்பித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கும்.

“ஆரம்பிச்சது எதுக்குங்கறது உன் விஷயம். பீக்கர்ல என்ன நடந்ததுங்கறதுதான் கட்டுரை” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “என் பழைய பேப்பர்லயும் அந்த வரி இருக்கு. யாரும் கேக்கல” என்றார்.

பத்தி போயிற்று. அதோடு தலைப்பில் இருந்த ‘உயிரியல் கட்டுப்பாடு’ என்ற சொற்களும் போயின. சுருக்கத்தின் கடைசி வாக்கியமும் போயிற்று, ஏனென்றால் அதுவும் இதைத்தான் சொன்னது. பதிலுக்கு, வெப்பநிலை ஏறினால் வளைகோடு எப்படி மாறுகிறது என்பதை விவாதத்தின் முதல் பத்தியாகக் கொண்டுவந்தோம். பக்க எண் எல்லாம் மாறிவிட்டது. டைப்பிங் கடைக்காரர் தாள்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “கேஸ் வாபஸா?” என்றார்.

படங்கள் மடியாமல் இருக்க, கல்யாணப் புடவை வந்த அட்டைப் பெட்டியை வெட்டி இரண்டு பக்கமும் வைத்தோம். ரெஜிஸ்டர்டு ஏர்மெயிலுக்கு ஆன தொகையை யார் தருவது என்பதில் அலுவலகத்துக்கும் சாருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில் சார்தான் தந்தார். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, கட்டுரைக்கு ஒரு எண் கொடுத்து, கிடைத்தது என்று ஒரு அட்டை வந்தது. பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. அதற்குள் கல்யாணம் முடிந்து நான் திருச்சிக்கு வந்துவிட்டேன்.

மதிப்பீட்டாளர்கள் இருவர். பெயர் தெரியாது, தெரியக் கூடாது என்பது முறை. ஒருவர் அரைப் பக்கம் எழுதியிருந்தார், எல்லாம் காற்புள்ளி சமாசாரம். மற்றவர் நாலு பக்கம் எழுதியிருந்தார். குளத்தில் இந்தப் பூச்சிக்கு நீர்த்தெள்ளு போன்ற வேறு இரையும் உண்டே, அதோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி, செய்யவில்லை என்று எழுதினோம். கோடைத் தொகுதியில் பூச்சியின் எடை தனியாகத் தரப்பட்டிருக்கிறதா என்றார், தந்தோம். கடைசியாக ஒரு யோசனை சொல்லியிருந்தார். கொசு ஒழிப்பில் இந்த முடிவுகளின் பயனைப் பற்றிக் கட்டுரையாசிரியர்கள் ஒரு பத்தி சேர்த்தால் வாசகர்களுக்கு உதவும்.

நான் திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து அந்த வரியைச் சாருக்குக் காட்டினேன், கொஞ்சம் வெற்றிக் களிப்போடுதான். அவர் சிரித்துவிட்டார். பதில் கடிதத்தில் மதிப்பீட்டாளருக்கு நன்றி சொல்லி, இந்தப் பூச்சியும் இந்தக் கொசுவும் இயற்கையில் ஒரே நீரில் வாழ்வதாக எங்களிடம் சான்று இல்லாததால் அத்தகைய பத்தியைச் சேர்க்க இயலவில்லை என்று எழுதினோம். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்.

இன்று என் மாணவர்கள் இணையதளத்தில் கட்டுரையை ஏற்றுகிறார்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. அதில் இன்னும் அப்பாக்களின் பெயர்தான் விழுகிறது. மற்றபடி தட்டச்சுக் கூலி இல்லை, தபால் செலவு இல்லை, நூறு முறை திருத்தலாம். ஆனால் அவசரம் கூடிவிட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2009-இல் விதி செய்தது. விதி வந்ததும் கடைகளும் வந்தன. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்கள், தினம் காலையில் ‘மேன்மை தங்கிய பேராசிரியரே’ என்று தொடங்கும் மின்னஞ்சல்கள். 2022-இல் விதியை எடுத்துவிட்டார்கள், கடைகள் போகவில்லை. அங்கே கொடுத்தால் கடைசிப் பத்தியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கொடுக்கிறவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

எங்கள் கட்டுரை அச்சில் வந்தபோது இலவசமாக ஐம்பது பிரதிகள் அனுப்பினார்கள். வழவழ தாள். கோரிக்கை அட்டைகள் இப்போது எங்கள் முகவரிக்கு வர ஆரம்பித்தன. அவற்றோடு ஒரு கடிதமும் வந்தது. ஒரு நகராட்சியின் சுகாதாரப் பிரிவிலிருந்து, தமிழில். எங்கள் ஆராய்ச்சியைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். கட்டுரையைப் படித்தவராகத் தெரியவில்லை. தங்கள் ஊரில் யானைக்கால் கொசுத் தொல்லை அதிகம். இந்தப் பூச்சியைச் சாக்கடையில் விட நூறு அடிக்கு எத்தனை தேவைப்படும், எங்கே கிடைக்கும், விலை என்ன என்று கேட்டிருந்தார்.

பதிலை நான்தான் எழுதினேன். இந்தப் பூச்சி சாக்கடை நீரில் பிழைக்கும் என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. சாக்கடையில் தண்ணீர் தேங்காமல் ஓட விடுவதும், செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய்களுக்கு வலை கட்டுவதும்தான் முதல் வேலை. புழு தின்னும் உயிர் எதையாவது விட வேண்டுமானால் கம்பூசியா மீனைப் பயன்படுத்தலாம், 1928 முதலே இந்தியாவில் இருக்கிறது என்று எழுதிச் சாரிடம் காட்டினேன். கம்பூசியா தெளிந்த தண்ணீர் மீன், சாக்கடை அழுக்கைக் கப்பி மீன்தான் ஓரளவு தாங்கும் என்றார். கம்பூசியாவை அடித்து, அது வந்த வருஷத்தையும் அடித்து, மேலே கப்பி என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் ‘ஓரளவு’ என்று அவர் சேர்த்தார். இன்லண்டு லெட்டரை ஒட்டி, கல்லூரி வாசலில் இருந்த பெட்டியில் போட்டேன்.